சோர்போன் வாசலில் கழற்றிய சப்பாத்து

ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது இந்தப் பரிஸ்தான். மொப்போடு.

எங்கள் தமிழ்ச்சனம் கூடும் லா சப்பலில் இருந்து மெத்ரோ எடுத்து, சோர்போன் என்ற பழைய பல்கலைக்கழகக் கட்டடத்துக்கு மெனாஜ் வேலைக்குப் போனேன். கூட்டித் துடைக்கிற வேலை. முதல் மாதம் எசெ என்ற சோதனைக் காலம், பிடித்தால்தான் வைத்திருப்பார்கள். சம்பளத் துண்டு இல்லாமல் என் விசாவையும் புதுப்பிக்க முடியாது.

பெரிய மண்டபத்தில் கற்சிலைகள் இருந்தன. அவற்றில் ஒருவர் அங்கி போட்ட பாதிரிச் சுவாமியார். படிக்கிற இடம், கால் கூசியது. பாதுகாப்புச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு துடைத்தேன். மூன்றாம் கிழமை, எங்களை வேலைக்கு எடுத்த துப்புரவுக் கொம்பனியின் மேற்பார்வை மதாம் வந்து கண்டுவிட்டார். எங்கள் செஃப், வேலைக்குப் பொறுப்பான குணம் அண்ணை ஓடி வந்தார்.

“தங்கச்சி, வெறுங்காலோடை நடக்க இதென்ன நல்லூர்க் கோயில் வீதியே? வழுக்கி விழுந்தால் கொம்பனிதான் பொறுப்பாம். நாளைக்கு வரவேண்டாமாம்.”

நான் நிலத்தைப் பார்த்தபடி சொன்னேன்: “அந்தச் சுவாமியார் ஆரெண்டு தெரியாது அண்ணை. பாத்தால் வீட்டுக்காரர் மாதிரி இருக்கு. அவருக்கு முன்னாலை சப்பாத்தோடை எப்பிடி நடக்கிறது?”

அண்ணை அதைப் பிரெஞ்சில் சொன்னார். மதாம் சிரித்துவிட்டார். வீட்டுக்காரரேதானாம். ரொபேர் என்று பெயர். ஏழை மாணவர் தங்கிப் படிக்க எழுநூறு வருடத்துக்கு முன்னமே இங்கே இடம் அமைத்தவராம். அவர் பிறந்த ஊரின் பெயர்தான் அவரோடு வந்து கட்டடத்துக்கும் ஒட்டிக்கொண்டது. கட்டடத்தை இடித்து இடித்துக் கட்டியும் பெயரை மாற்றவில்லையாம்.

“ஊரைச் சொல்லியே ஆளைக் கூப்பிட்டவை?” என்று அண்ணையைக் கேட்டேன்.

“ஓம். லா சப்பலிலை குணம் எண்டு கேட்டுப் பார், ஒருத்தருக்கும் தெரியாது. என்ரை ஊரைச் சொல்லி வேலணையார் எண்டால் கடன்காரர் வரைக்கும் தெரியும்.”

சிரிப்பில் எனக்குத் துணிவு வந்தது. “அண்ணை, தெருவிலை மிதிக்காத புதுச் சப்பாத்து ஒரு சோடி தந்தால் உள்ளுக்கு மட்டும் போடுறன் எண்டு சொல்லுங்கோ.”

“மூண்டு கிழமையா வாய் திறக்கேல்லை. திறந்த உடனை சப்பாத்துக் கேக்கிறா” என்று முணுமுணுத்துக்கொண்டே அண்ணை மதாமுக்கு அதைச் சொன்னார்.

மதாம் கொஞ்ச நேரம் என் காலைப் பார்த்தார். பிறகு பேனையை எடுத்து, என்ன அளவு என்று கேட்டார்.

முப்பத்தாறு என்றேன். அங்கேயே பென்சன் எடுக்கும்வரை வேலை செய்தேன்.

புதிதாக மெனாஜுக்குப் போகிற பிள்ளைகளே, உங்கள் வழக்கத்தை விடவேண்டாம். ஆனால் செய்யமுதல் வாயைத் திறந்து சொல்லுங்கள். என்னைப்போலப் பிடிபட்ட பிறகு சொன்னால், எல்லா மதாமும் சிரிக்கமாட்டார்கள்.