வெந்நீரில் வைத்த கால்

என் தங்கையின் கணவருக்கு வலது காலில் இப்போது மூன்று விரல்கள் இருக்கின்றன. போன வருடம் ஐந்தும் இருந்தன. இடையில் நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், முழங்கால் அளவு கடல் தண்ணீரில் தொடங்கி ஒரு டீக்கடை வாளியில் முடிந்தது. அதை நாட்குறிப்பில் நேரம் போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

துறைமுகத்தில் கப்பல் சரக்கை எண்ணிச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு மூட்டை கூடினாலும் குறைந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன். வீட்டிலும் அதே ஆள்தான். தூண்டில் போடப் போகிற ஞாயிறுகளில் எத்தனை மணிக்குத் தண்ணீரில் இறங்கினோம், கடல் வற்றிக் கிடந்ததா ஏறிக்கொண்டிருந்ததா, எத்தனை கிழங்கான் மீன் கிடைத்தது, எல்லாம் அன்று மதியமே எழுதிவிடுவேன். கூட வருபவர் மாப்பிள்ளை மட்டும். அவருக்கு ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் புதுக்கோட்டையில் பலசரக்குக் கடை. வாரத்தில் ஆறு நாள் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே வியாபாரம். சர்க்கரை வியாதி வந்து பதினோரு வருடம். மாத்திரையைக் காலையில் போடுவார், இரவில் மறந்துவிடுவார்.

உப்பளங்களைத் தாண்டினால் கடல் அலையில்லாமல் கிடக்கும். வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. அடியில் மணலும் சேறும். திருக்கை அங்கேதான் படுக்கும். மணலை மேலே போட்டுக்கொண்டு கண் மட்டும் தெரியக் கிடக்கும். மிதித்தால் வாலைச் சுழற்றி, வாலில் இருக்கும் ரம்பம் போன்ற முள்ளை ஏற்றிவிடும். முள்ளில் விஷம் உண்டு. மிதிக்காதவரை அது யாரையும் தேடி வராது. அதனால் தண்ணீருக்குள் காலைத் தூக்கி வைக்கக் கூடாது. பாதத்தைத் தரையோடு தேய்த்துக்கொண்டே போனால் அதிர்வு பட்டு அது எழுந்து போய்விடும். நான் அப்படித்தான் நடப்பேன். கையில் ஒரு மூங்கில் கம்பு வைத்துக்கொண்டு முன்னால் குத்திக்கொண்டே போவேன்.

மாப்பிள்ளைக்கு இது பெரிய வேடிக்கை. கரையில் யார் நின்றாலும் கூப்பிட்டுக் காட்டுவார்.

"ஏலே, இங்கன பாரு. எங்க மச்சான் பொண்ணு பாக்க வந்த எடத்துல காப்பித் தட்டோட வார பொண்ணு மாதிரி கால தேச்சு வாராரு."

அவர் தன் கடையிலும் வாடிக்கையாளர்களுக்கு முன்னால் என்னைப் போல நடந்து காட்டியிருக்கிறார் என்று தங்கை சொல்லியிருந்தாள். அதையும் எழுதி வைத்திருந்தேன்.

என் மோட்டார் சைக்கிள் பெட்டியில் எப்போதும் ஒரு பிளாஸ்க் வெந்நீர் இருக்கும். துறைமுகத்தில் ஒருமுறை முதலுதவி வகுப்பு நடத்தினார்கள். திருக்கை குத்தினால் முதலில் தண்ணீரைவிட்டு வெளியே வா, காயத்தைக் கழுவு, துணியை வைத்து அழுத்தி ரத்தத்தை நிறுத்து, பிறகு பொறுக்கக்கூடிய சூட்டில் காலை வெந்நீரில் வை, சூட்டில் விஷத்தின் வலி அடங்கும், அதோடு ஆஸ்பத்திரிக்குப் போ என்றார்கள். கயிற்றால் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே. ஆழமாக ஏறிய முள்ளைப் பிடுங்காதே. நான்கு பக்கம் எழுதிக்கொண்டேன். வகுப்பில் வேறு யாரும் எழுதவில்லை.

அந்த ஞாயிறுக்கு மூன்று வாரம் முன்பு இன்னொன்று நடந்தது. மீன் பிடித்து முடித்து, கால் கழுவி, செருப்பு மாட்டிக்கொண்டு வண்டிக்கு நடந்தோம். வண்டி பக்கம் வந்த பிறகுதான் பார்க்கிறேன், மாப்பிள்ளையின் வலது காலில் செருப்பு இல்லை. அது வெகுதூரம் பின்னால் சேற்றில் கிடந்தது. கருவேல முள்ளும் உப்புக்கட்டியும் கிடக்கிற வரப்பில் அவர் ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் வெறுமனேயும் பேசிக்கொண்டே நடந்து வந்திருக்கிறார். அவருக்குத் தெரியவே இல்லை.

"என்ன மாப்ள, செருப்ப அடகு வச்சிட்டேளா?" என்றேன். அவரைப் பார்த்துச் சிரிக்க ஒரு சந்தர்ப்பம் எனக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கும். விழுந்து விழுந்து சிரித்தேன். மதியம் நாட்குறிப்பிலும் எழுதினேன்: "மாப்பிள்ளை செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தார். நல்ல கூத்து."

திருக்கை குத்திய அன்று காலையில் கடல் நன்றாக வற்றிக் கிடந்தது. இறங்கும்போது மணி ஆறு இருபது. கரையில் இரண்டு உப்பளத் தொழிலாளிகள் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க ஆள் இருந்ததால் மாப்பிள்ளைக்கு உற்சாகம் வந்துவிட்டது. நான் தேய்த்துக்கொண்டு போக, அவர் எனக்கு முன்னால் போய், போலீஸ்காரன் மாதிரி முழங்காலை நெஞ்சுவரை தூக்கித் தண்ணீரில் அடித்து நடந்தார்.

"லெஃப்ட்! ரைட்! ஆம்பளன்னா இப்பிடி நடக்கணும் மச்சான். லெஃப்ட்!"

ஏழாவது அடியோ எட்டாவதோ. அதை மட்டும் நான் எண்ணவில்லை. "எம்மா" என்று ஒரு சத்தம் வந்தது. அவர் குரல் மாதிரியே இல்லை. தூண்டில் கம்பு கையைவிட்டுப் போனது. தண்ணீர் கலங்கி, கலங்கலுக்குள் சிவப்பு எழும்பியது. தட்டு அளவில் ஒரு நிழல் அவசரமே இல்லாமல் ஆழத்துக்கு நழுவிப் போனது.

குத்து வலது கணுக்காலின் வெளிப்பக்கம். விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அவரைத் தோளில் சாய்த்துக் கரைக்குத் திருப்பினேன். அவர் காலைத் தூக்கி நொண்டினார்.

"தேச்சு நடங்க மாப்ள," என்றேன். "இன்னொண்ணு கெடக்கும்."

"ஐயோ, தூக்கிட்டுப் போங்க மச்சான். உயிர் போவுது."

"தேச்சு நடங்க."

அவர் தேய்த்துத்தான் நடந்தார். கரைவரை, கிழிந்த காலை மணலில் இழுத்துக்கொண்டு, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் பார்க்க. தேய்த்து நடப்பது அந்த இடத்தில் சரியான யோசனைதான். ஆனால் யோசனைக்காக மட்டும் நான் அதைச் சொல்லவில்லை.

கரையில் குடிதண்ணீரால் காயத்தைக் கழுவினேன். முள் உள்ளே நிற்கவில்லை. துண்டை மடித்து அழுத்தினேன். ரத்தம் நின்றது. பிளாஸ்க் வெந்நீரை டிபன் பாக்ஸில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து, என் கையை விட்டுப் பார்த்து, துணியில் நனைத்துக் காயத்தில் வைத்தேன். அலறல் முனகலானது. ஆனால் ஒரு பிளாஸ்க் தண்ணீர் எத்தனை நிமிடம் வரும்? அவரை வண்டியில் ஏற்றி, உப்பளச் சாலை முக்கில் இருக்கும் டீக்கடைக்குப் போனேன். ஆஸ்பத்திரி அங்கிருந்து அரை மணி நேரம். வலி அடங்கட்டும், பிறகு போகலாம் என்று முடிவு செய்தது நான்தான்.

டீக்கடையில் பெஞ்சில் உட்கார வைத்து, ஒரு பெயின்ட் வாளியில் காலை வைத்தோம். வேலைக்குப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள்.

"கயித்தப் போட்டுக் கட்டுங்க அண்ணாச்சி, வெசம் தலைக்கு ஏறிரும்."

"பிளேடு வச்சுக் கீறி ரத்தத்த எறக்கணும்வே."

"யாரும் தொடக் கூடாது," என்றேன். கட்டினால் என்ன ஆகும், கீறினால் என்ன ஆகும் என்று விளக்கமும் சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றார்கள். அத்தனையும் சரியாகவே சொன்னேன்.

டீக்கடைக்காரர் பாய்லரைத் திறந்து ஒரு செம்பு பிடித்துக் கொடுத்தார். "கொதிக்கி அண்ணாச்சி. பாத்து."

முதல் செம்பைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து, கையை விட்டுப் பார்த்துத்தான் ஊற்றினேன். மாப்பிள்ளை கண்ணை மூடினார். "ஆங்... இப்பக் கேக்கு மச்சான். சுகமா இருக்கு." வலி குறைந்தது அவர் முகத்தில் தெரிந்தது. சற்று நேரத்தில் தண்ணீர் ஆறியதும் வலி திரும்பி வந்தது. "ஊத்துங்க மச்சான், ஊத்துங்க." இரண்டாவது செம்பு. அப்புறம் மூன்றாவது. கொதிக்கிற தண்ணீர் காயத்தின் மேல் நேராக விழக் கூடாது என்று வாளியின் முன்பக்கமாக, விரல்கள் இருக்கிற பக்கமாக ஊற்றினேன். கவனமாக, மெதுவாக ஊற்றினேன். பிறகு கையை விட்டுப் பார்க்கவில்லை. "பொறுக்குதா?" என்று அவரைக் கேட்டேன். "பொறுக்குது, ஊத்துங்க" என்றார். பொறுக்கக்கூடிய சூடு என்றுதானே வகுப்பில் சொன்னார்கள்.

கூட்டத்தில் ஒருவர் எட்டிப் பார்த்தார். "ஏலே, கொஞ்சம் மொளகும் சீரகமும் தட்டிப் போட்டா ஆட்டுக்கால் சூப்பு ரெடிடா."

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார், வலிக்கு நடுவில். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அடுத்த செம்பை வாங்கினேன்.

சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டில் நான் அங்கேயே எழுதியது இவ்வளவு: "7.10 கால் வாளியில். 7.25 வலி பாதி. 7.40 மறுபடி சூடு. 7.55 வலி கால்வாசி. விரல்கள் நல்ல சிவப்பு. 8.15 கிளம்பினோம்." விரல்கள் நல்ல சிவப்பு என்று என் கையால் எழுதிவிட்டு மேலும் இருபது நிமிடம் அந்தக் காலை வாளியிலேயே வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கணுக்காலைப் பார்த்தார். முள் துண்டு இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், ஊசி போட்டார். வெந்நீர் வைத்தது நல்லது என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு அவர், காலில் நான் சுற்றியிருந்த துண்டை முழுவதும் விலக்கினார். கடைசி இரண்டு விரல்களிலும் தோல் வெள்ளையாக உப்பிக் கிடந்தது. ஒன்றில் தோல் துண்டோடு வந்துவிட்டது. மாப்பிள்ளை கூரையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோல் உரிந்தது அவருக்குத் தெரியவில்லை.

"யாரு தண்ணி ஊத்துனது?"

"நான்தான் சார்."

"கைய விட்டுப் பாத்தீங்களா?"

"மொதல்ல பாத்தேன். அப்புறம் இவர்ட்ட கேட்டுக் கேட்டுத்தான் ஊத்துனேன். பொறுக்குதுன்னாரு."

"இவருக்கு எப்பிடித் தெரியும்?" டாக்டர் பேனா முனையால் பெருவிரலைக் குத்தினார். மாப்பிள்ளை அசையவில்லை. "கணுக்கால்ல உணர்ச்சி இருக்கு, விரல்ல இல்ல. சுகர் ஆளுக்கு இதுதான். நாப்பத்தஞ்சு டிகிரிக்கு மேல போகவே கூடாது. ஊத்துறவன் தன் கைய விட்டு, எடுக்காம வச்சிருக்க முடியுதான்னு பாக்கணும், ஒவ்வொரு தடவையும்." பிறகு மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டார்: "நடக்கும்போது செருப்பு கழண்டா உங்களுக்குத் தெரியுமா?"

மாப்பிள்ளை மறுபடி மின்விசிறியைப் பார்த்தார். அதற்குள் தங்கை புதுக்கோட்டையிலிருந்து ஆட்டோவில் வந்து கதவருகே நின்றிருந்தாள். கேள்வி கேட்டால் பதில் சொல்லிப் பழகியவன் நான்.

"தெரியாது சார்," என்றேன். "மூணு வாரத்துக்கு முன்னால கழண்டுது. தெரியாமத்தான் நடந்து வந்தாரு."

தங்கை என்னைப் பார்த்தாள். "ஒனக்குத் தெரியுமாண்ணே?" என்றாள். "தெரிஞ்சா ஊத்துன?"

கணுக்கால் காயம் மூன்று வாரத்தில் மூடிவிட்டது. விரல்கள் கறுத்தன. சுண்டுவிரலை முதலில் எடுத்தார்கள், பன்னிரண்டு நாள் கழித்துப் பக்கத்து விரலை. மேலே பரவினால் முன்பாதமே போகும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டோடு நின்றது.

கடையில் இப்போது அவருக்கு ஒரு உயரமான ஸ்டூல். நின்று வியாபாரம் இல்லை. என்னைப் போல நடந்து காட்டவும் முடியாது. ஆனால் வாய் போகவில்லை. நான் கடைக்குப் போனால், எடைபோட்டுக்கொண்டே வந்திருப்பவர்களுக்கு அறிமுகம் செய்வார்.

"இவுகதான் எங்க மச்சான். திருக்கை குத்துனது மூணு வாரத்துல ஆறிட்டு. மச்சான் அவிச்சதுதான் ஆறல."

வந்தவர்கள் சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் என் முகத்தைப் பார்ப்பார்கள். அவரே முதலில் சிரிப்பார். பிறகு எனக்குக் கடலைமிட்டாய் எடுத்து நீட்டுவார். நான் வாங்கிக்கொள்வேன். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னதற்கு, "வெந்ததுதான் திம்பீங்களோ?" என்றார்.

ஞாயிறுகளில் நான் இன்னும் போகிறேன், தனியாக. தேய்த்துத்தான் நடக்கிறேன். நாட்குறிப்பில் முதலுதவிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். நான்காம் பக்கத்தில், என் கையெழுத்தில், கீழே கோடிட்டு, "உதவுபவர் தன் கையால் சூடு பார்க்கவும்" என்று இருக்கிறது.

போன மாதம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளையின் காலை தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்து, இடுக்குகளில் ஈரமில்லாமல் பார்க்க வேண்டும். அடுப்படியிலிருந்து அதற்கான தண்ணீர் வாளியை எடுத்து வரும்படி அவள் சொன்னாள். நான் தூக்கிக்கொண்டு வந்து, அவருக்கு முன்னால் வைப்பதற்கு முன், முழங்கைவரை கையை விட்டேன். எடுக்காமல் வைத்திருந்தேன். சூடே இல்லை. பச்சைத் தண்ணீரைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். இருந்தாலும் அறுபது வரை எண்ணினேன்.

மாப்பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தங்கை துண்டோடு நின்று நான் எண்ணி முடிக்கும்வரை பார்த்தாள்.

"இப்ப பாக்குத," என்றாள்.

வாளியை என் கையிலிருந்து வாங்கி, தன் விரலை ஒருமுறை விட்டுப் பார்த்துவிட்டு, அவர் காலடியில் வைத்தாள்.