சிலந்தி நூல்

லண்டன் எட்மண்டன் ஞாயிற்றுச் சந்தையில், துப்பாக்கியில் பூட்டும் பழைய பித்தளைத் தொலைநோக்கி ஒன்றைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். "நடுவில் தெரிகிற சிலுவைக்கோடு சிலந்தி நூல். செய்தவர் பட்டறையிலேயே சிலந்தி வளர்த்தாராம்," என்றார் விற்கிற கிழவர்.

எனக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் அப்பா மூக்குக்கண்ணாடி திருத்துகிறவர். எனக்குப் பத்து வயதில், இரண்டு இயக்கப் பொடியள் இப்படியொரு குழாயைக் கொண்டுவந்தார்கள். உள்ளே கோடு அறுந்திருந்தது.

"காணி அளக்கிறதுக்கு, ஐயா."

"அளக்கிற சங்கிலி எங்கை, தம்பி?"

ஒருவன் குழாயை அப்பாவின் பக்கம் தள்ளினான். அப்பா மறுக்கப் பயந்தார். குசினி அடுப்பு மூலைச் சிலந்தி வலையிலிருந்து, வளைத்த ஈர்க்கால் நூல் எடுத்து வந்தவள் நான்தான்.

"என்ர பிள்ளைக்கு நடுங்காத கை," என்றபடி அப்பா அதை இழுத்து ஒட்டினார்.

அடுத்த கிழமை எங்கள் தபால்காரர் சைக்கிளோடு ஒழுங்கையில் செத்துக் கிடந்தார். வெடி தூரத்திலிருந்து வந்ததாம்; சுட்டவனை ஒருவரும் காணவில்லை. அப்பா தும்புத்தடியை எடுத்து வீடு முழுக்க ஒட்டறை அடித்தார். சாகும்வரை தினமும் அடித்தார்.

தொலைநோக்கியைக் கிழவரின் மேசையில் திரும்ப வைத்தேன்.

"உங்கட வீட்டில ஒரு சிலந்தியும் இல்லையே," என்று இங்கே இல்ஃபோர்டில் பக்கத்து வீட்டு அக்கா மெச்சுவா. நான் சிரித்துவிட்டுத் தும்புத்தடியைக் கதவுக்குப் பின்னால் வைப்பேன்.