வாடகை வீட்டுச் சீதனம்

தொண்ணூறுகளின் நடுவில் என் கலியாணப் பேச்சு ஒருமுறை முற்றாகும் தறுவாய்க்கு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் சீதனமாகக் கேட்டது ஒரு வீடு. எங்களிடம் இருந்தது ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் பழைய கட்டடம் ஒன்றின் பதினோராம் மாடியில் இரண்டு அறை வாடகை அப்பார்ட்மென்ட். இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். அப்பா அப்படி நினைக்கவில்லை.

அவர் யாழ்ப்பாணத்தில் காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் கிளாக்கராக இருந்தவர். ஊரில் பாதிப் பெண்களின் சீதன உறுதியை எழுதிய கை அது. ரொறன்ரோவில் எழுத உறுதியும் இல்லை, காணியும் இல்லை. வீட்டு வாடகை என் சம்பளத்தில் போனது. விமானத்தில் கொடுக்கும் சாப்பாட்டைத் தட்டில் அடுக்கும் வேலை எனக்கு. லீஸ் என்கிற வாடகை ஒப்பந்தம் மட்டும் அண்ணனின் பெயரில் இருந்தது. அவன் பிக்கரிங்கில் வீடு வாங்கி மனைவியோடு போய்விட்டான். அந்த இலையுதிர் காலத்தோடு லீஸ் முடிகிறது. அதை யார் பெயரில் நீட்டுவது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்த வேளையில்தான் பக்கத்து நகரமான மிசிசாகாவிலிருந்து சம்பந்தம் வந்தது.

மாப்பிள்ளையின் தாய் என்னைப் பார்த்ததைவிடக் குளிர்சாதனப் பெட்டியின் உள்ளேதான் அதிக நேரம் பார்த்தா. குழாய்களைத் திறந்து மூடினா. மாப்பிள்ளை பல்கனிக்குப் போய், கீழே நிறுத்திய தன் கார் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு தாய் அப்பாவிடம், இது எத்தனை வருடக் குத்தகை என்று கேட்டா. அப்பா கூசாமல், தொண்ணூற்றொன்பது வருடத்துக்கு நீட்டிக் கொடுக்கலாம் என்றார். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். உடைக்கிற ஆளை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

அடுத்த கிழமை அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு கீழே இருந்த கட்டட அலுவலகத்துக்கு என்னையும் இழுத்துப்போனார். நான் மொழிபெயர்க்க வேண்டுமாம். மனேஜர் ஒரு போர்த்துக்கேயப் பெண், நல்ல மனுஷி. என் கலியாணத்துக்காக என் தகப்பன் உங்கள் கட்டடத்தில் ஒரு துண்டைத் தொண்ணூற்றொன்பது வருடத்துக்குக் கேட்கிறார் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? நீட்டினால் எவ்வளவு காலத்துக்கு என்று மட்டும் கேட்டேன். ஒரு வருடம் என்றாள். லீஸ் வேறு ஒருவர் பெயருக்கு மாறுவதென்றால் அவர் வேலை செய்கிற இடத்திலிருந்து கடிதம் வேண்டும் என்றாள்.

நடந்ததை அப்பா மிசிசாகாவுக்குத் தொலைபேசியில் அறிவித்தார். அவர்கள் தொண்ணூற்றொன்பதிலிருந்து ஐந்துக்கு இறங்கி, ஐந்திலிருந்து ஒன்றுக்கு வந்தார்கள். மீன் சந்தை தோற்றுவிடும். ஒரு வருடத்துக்குச் சம்மதிக்க இரண்டு நிபந்தனை வைத்தார்கள். லீஸ் மாப்பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் அண்ணன் வீட்டின் நிலத்தடிப் பேஸ்மென்றுக்குப் போய்விட வேண்டும். இளசுகள் தனியாக இருக்கட்டும் என்று அந்தத் தாய் மிகவும் பெருந்தன்மையாகச் சொன்னாவாம்.

அப்பா ஓம் என்றுவிட்டார். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தவ, அண்ணன் வீட்டுப் பேஸ்மென்றில் யன்னல் இருக்கிறதா என்று மட்டும் என்னிடம் கேட்டா. இல்லை என்றேன். அவ திரும்பவும் அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினா. நான் வாடகை கட்டுகிற வீட்டிலிருந்து என்னைப் பெற்றவர்களைக் கிளப்பி, அதை இன்னொருவன் கையில் சீதனமாகக் கொடுத்து, பிறகு நானே தொடர்ந்து வாடகையும் கட்ட வேண்டும்.

மாப்பிள்ளை உணவகம் ஒன்றின் சமையலறையில் கணக்கில் வராத கைக்காசுக்கு வேலை செய்தார். முதலாளி கடிதம் தரமாட்டார். அதற்கும் தாயிடம் வழி இருந்தது. என்னுடைய வேலைக் கடிதத்தைக் கொடுத்து மகனின் பெயரில் போடலாமே என்றா. அப்பா அதையும் ஒரு நல்ல யோசனைபோல என்னிடம் கொண்டுவந்தார்.

நான் வேலை முடிந்து வந்த ஒரு பின்னேரம், வேலையில் தலைமயிருக்குப் போடும் வலையைக்கூடக் கழற்றாமல் தனியாக அலுவலகத்துக்குப் போனேன். என் வேலைக் கடிதத்தைக் கொடுத்து என் பெயரில் லீஸை எழுதச் சொன்னேன். கூட இருப்பவர்கள் யார் என்று மனேஜர் கேட்டாள். அம்மா, அப்பா என்றேன். கையெழுத்து வைத்துவிட்டு மேலே வந்து விஷயத்தைச் சொன்னேன்.

அப்பா குதித்தார். கலியாணமாகாத குமர்ப்பிள்ளை தன் எண்ணத்துக்கு வீட்டு அலுவல் பார்ப்பதா என்று கேட்டார். அவர் களைக்கும்வரை நின்றுவிட்டுச் சொன்னேன்:

"சீதனம் பொம்பிளையின்ரை பேரிலைதானே எழுதிறது. ஊர் முழுக்க நீங்கள்தானே அப்பா எழுதிக் குடுத்தனீங்கள்."

சட்டம் என் பக்கம் இருந்தது. அவருடைய சட்டம்.

மிசிசாகாத் தாய்க்கு நானே தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவ கேட்டா:

"அப்ப எங்கடை பெடியன் உங்கடை வீட்டிலை வந்து இருக்கிறதோ?"

"ஓம் அன்ரி. ஊரிலையும் அதுதானே வழமை."

அதோடு சம்பந்தம் முறிந்தது. அவர்கள் சீக்கிரமே சொந்த வீட்டோடு வேறொரு பெண்ணைக் கண்டுபிடித்தார்கள். அந்த வீட்டில் வங்கிக்கு எத்தனை அறை சொந்தம் என்று யாரும் விசாரிக்கவில்லை போலும்.

அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எனக்கும் அது வசதியாக இருந்தது, கோபம் எனக்குத்தான் கூடுதல். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா கறி எடுக்க அடுப்படிக்குப் போன சமயம், அவர் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்:

"பிள்ளை, நாங்கள் இஞ்சை எவ்வளவு காலத்துக்கு இருக்கலாம்?"

கேலிக்காகக் கேட்கிறார் என்று நிமிர்ந்து பார்த்தேன். இல்லை. மனுஷன் உண்மையாகவே அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் வருசா வருசம் கையெழுத்து வைப்பன் அப்பா. நீங்கள் எங்கையும் போகத் தேவையில்லை. சாப்பிடுங்கோ."

அவர் தலையாட்டிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். அதுவரை அந்த வீட்டில் யாரும் என்னிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. முதலில் கேட்டவர் அப்பாவாக இருந்திருக்க வேண்டாம் என்றுதான் எனக்குப் பட்டது.