தலைவரின் செருப்பு வார்

ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கல் இருக்கிறதே பிள்ளைகளா, பஸ்ஸுக்கு நிற்கும்போது நீங்கள் பையைச் சாய்த்து வைப்பீர்களே, அதுதான். பெரிய தலைவர் ஒருவர் நம் ஆம்பூருக்கு வந்துபோனதை அதில் பொறித்திருக்கிறார்கள். அதைத் திறந்து வைத்தபோது நான் ஐந்தாம் வகுப்பு.

தோல் பதனிடும் ஷாப்பில், பச்சைத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்த என் மாமா எனக்கு ஒரு கதை சொல்லியிருந்தார். தலைவர் காரை விட்டு இறங்கியதும் செருப்பு வார் அறுந்துவிட்டதாம். கூட்டத்தில் நின்ற எங்கள் தாத்தா, மடியிலிருந்த தோல் துண்டைக் கிழித்துக் கட்டிக் கொடுத்தாராம். தலைவர் அவர் தோளில் கை வைத்தாராம். இதை நான் வகுப்பில் சொல்ல, வாத்தியார் மகிழ்ந்துபோய் விழாவில் பேசச் சொல்லிவிட்டார். மாமாவிடம் நான் மூச்சு விடவில்லை. வந்து கேட்டு அசந்துபோகட்டும் என்று இருந்தேன்.

மைக்கில் நன்றாகத்தான் பேசினேன். கைதட்டல்கூடக் கிடைத்தது. உடனே, தலைவர் வந்த அன்று எடுத்த போட்டோவைப் பெரிதாக்கி வைத்திருந்ததைத் திரை விலக்கிக் காட்டினார்கள். காருக்குப் பக்கத்தில் தலைவர். காலில் பளபளவென்று லேஸ் கட்டிய ஷூ.

வேறு ஊராக இருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இங்கே பாதிப் பேர் ஷூ கம்பெனிக்காரர்கள். முகத்தைப் பார்க்கும் முன்னே காலைத்தான் பார்த்தார்கள்.

“இன்னாடா தம்பி, ஷூவுக்கு ஏதுடா வாரு?” என்றார் ஒருவர்.

“உங்க தாத்தா லேஸு கட்டி வுட்டிருப்பாரு!” என்றாள் ஓர் அக்கா.

கூட்டம் குலுங்கியது. காதெல்லாம் சுட, மைக்கைப் பிடித்தபடியே நின்றேன்.

பின்னாலிருந்து மாமா எழுந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருந்ததால் அவரைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

“பையன வுடுங்கப்பா. நான் அவன் மாமன். நான்தான் கத வுட்டேன்.”

சிரிப்பு இன்னும் ஜாஸ்தியானது. அவரும் சேர்ந்து சிரித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இவர் ஏன் எழுந்தார், ஏன் என் மாமா என்று ஊருக்கே சொன்னார் என்று கூசிப்போனேன்.

வழியெல்லாம் அழுதேன். “இன்னாத்துக்கு மாமா பொய் சொன்ன?”

“உங்க தாத்தா அன்னிக்கு மால எடுத்துக்கினு போனாருடா. தொட்டில வேல செய்ற ஆளு, நாறுதுன்னு ஓரம் கட்டிட்டாங்க. கார் போறதத்தான் பாத்துட்டு வந்தாரு.”

அதையே சொல்லியிருக்கலாமே என்று எனக்குக் கோபம். ஓரம் கட்டப்பட்ட தன் அப்பாவை, ஒரு பிள்ளையின் மனசிலாவது முன்வரிசையில் நிறுத்தப் பார்த்தார் மாமா என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.