பார்தோலின் பித்தப்பை

எங்கள் ஸ்லவோனியா நாட்டுப்புறத்தில் நவம்பர் குளிர் இறங்கியதும் வீட்டுக்கு வீடு பன்றி அறுப்பார்கள். அந்த மாதம் முழுக்க என் அக்கா புருஷன் பார்தோலைக் கையில் பிடிக்க முடியாது. தெருவுக்கே அறுப்புக்காரர் அவர்தான். ஈரலிலிருந்து பித்தப்பையை உடையாமல் பிரித்து, சுற்றி நிற்பவர்களுக்குத் தூக்கிக் காட்டுவார். உடைந்தால் ஈரல் கசந்து நாய்க்குத்தான் போகும். "என் கையில ஒண்ணாவது உடைஞ்சிருக்கா?" என்று கேட்டு ஒரு கிளாஸ் சாராயம் வாங்கிக் குடிப்பார். பிடிவாதத்தில் அவருக்குப் பன்றியே தேவலை.

போன நவம்பரில் அவருடைய பித்தப்பையே மக்கர் பண்ணியது. வலது விலாவுக்குக் கீழே வலி, உடம்பைத் தூக்கிப் போடும் காய்ச்சல். "வெறும் வாயு" என்று சாராயத்தில் நனைத்த துணியை வயிற்றில் கட்டிக்கொண்டு அடுத்த வீட்டுப் பன்றியை அறுக்கப் போனார். அங்கேயே சுருண்டு விழுந்தார். நானும் அக்கா காத்தாவும் அவரை ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு ஓடினோம்.

ஸ்கேனைப் பார்த்த அறுவை சிகிச்சை டாக்டர் விளாட்கா, "பித்தப்பை முழுக்கச் சீழ். கல்லு வாயை அடைச்சிருக்கு. இன்னைக்கே எடுத்தாகணும், விட்டா உயிருக்கே ஆபத்து" என்றார்.

அத்தான் வயிற்றைப் பொத்திக்கொண்டார். "நானே அறுக்கிறவன்மா. அப்படி வீங்கின பை தொட்டாலே உடையும். நான் மாட்டேன்."

அக்கா கெஞ்சினாள், திட்டினாள். ம்ஹூம். கடைசியில் அத்தான் டாக்டரையே மடக்கினார்.

"உண்மையச் சொல்லும்மா. உன் கையில எத்தனை உடைஞ்சிருக்கு?"

"நிறைய" என்றார் விளாட்கா, கூசாமல். "உடைஞ்சா உறிஞ்சி எடுத்து, உள்ள நல்லா கழுவி விடுவேன். மிச்சம் மீதி வடியக் குழாய் வெப்பேன். உங்க பன்னிக்கு அந்த வசதி இல்ல."

அத்தான் கூரையைப் பார்த்துக்கொண்டே, "என் கையிலயும் மூணு உடைஞ்சிருக்கு. பூனை தூக்கிட்டுப் போச்சுன்னு சொன்னேனே, அந்த ஈரலெல்லாம்தான்" என்றார்.

"அடப்பாவி மனுஷா! அந்தப் பூனைய நான் விளக்குமாத்தால அடிச்சேனேய்யா!" என்று கத்தினாள் அக்கா.

பக்கத்துக் கட்டில்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அத்தானும் சிரிக்கப் போய் வலியில் முனகினார். "உடைச்சத ஒத்துக்கிற ஆளை நம்பி வயித்தக் குடுக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷனைச் சின்னத் துளைகள் வழியாகத்தான் ஆரம்பித்தார்களாம். பை நாலாபக்கமும் ஒட்டிக்கொண்டிருந்ததால் வயிற்றைத் திறக்க வேண்டியதாயிற்று. வெளியே நாங்கள் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விளாட்கா முகமூடியைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"எடுக்கும்போது உடைஞ்சுடுச்சு. நல்லா கழுவிட்டேன். பிழைச்சுட்டாரு."

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத என் அக்கா, டாக்டரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.