அந்த ‘ஹூ’ யாரைக் குறித்தது

ஏழாம் வகுப்பு இங்கிலீஷ் பரீட்சையில் எனக்கு ஒரே ஒரு மார்க் குறைந்தது. ‘பாக்ஸ் ஆஃப் ஆப்பிள்ஸ் விச் இஸ் ஆன் த டேபிள்’ என்று மேசைமேல் இருந்த ஆப்பிள் பெட்டியைப் பற்றிய வாக்கியம் அது. அதில் வரும் ‘விச்’ என்ற சொல் எதைக் குறிக்கிறது என்று கேட்டிருந்தார்கள். அந்தச் சொல்லுக்கு மிக அருகில் ஆப்பிள்தான் இருந்தது, அதையே எழுதினேன். பெட்டி என்பதுதான் விடை. பக்கத்தில் இருக்கிற சொல்லோடு நின்றுவிடாதே, இன்னும் கொஞ்சம் பின்னால் போய்ப் பார் என்றார் டீச்சர். வினைச்சொல் ஒருமையில் இருப்பதால்தான் அப்படி என்றும் சொல்லியிருப்பார். பின்னால் போ என்றது மட்டும்தான் என் மனதில் நின்றது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை அப்பா தன் போனில் ஒரு படத்தோடு வீட்டுக்கு வந்தார். எஸ்டேட் ஆபீஸ் பலகையில் ஒட்டியிருந்த நோட்டீஸ். முழுக்க இங்கிலீஷ். சூரியநெல்லிக்குப் பக்கத்தில் எங்கள் லயம். வரிசையாக ஆறு வீடுகள். எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் தோட்ட வேலை, அண்ணன் ஜீப் ஓட்டினான். இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் போன் என் கைக்கு வந்தது.

அப்போது அத்தையும் எங்களோடு இருந்தாள். அப்பாவின் அக்கா. தேவிகுளத்துப் பக்கம் வேறொரு எஸ்டேட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து கிள்ளியவள். மாமா இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. வேலை முடிந்ததும் அங்கே குடியிருந்த வீட்டை ஒப்படைத்துவிட்டு ஒரு தகரப் பெட்டியோடு எங்களிடம் வந்தாள். முன்னறையில் நானும் அவளும் படுத்துக்கொள்வோம். பள்ளிக்கூடம் உள்ள நாளில் நான் எழும் முன்பே அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கும். குளிரில் என் கால் விரல்களைத் தன் கம்பளிக்குள் இழுத்து வைத்துக்கொள்வாள்.

வீடு என்றால் ஒரு முன்னறை, ஓர் உள்ளறை, ஒரு சமையலறை. அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வந்தால் யார் எங்கே படுப்பது என்று அம்மா இரண்டு மூன்று தடவை அப்பாவிடம் கேட்டதை நானும் கேட்டிருந்தேன். அப்பா ஒவ்வொரு தடவையும் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்.

நோட்டீஸ் ‘ரிலேட்டிவ்ஸ் ஆஃப் வொர்க்கர்ஸ் ஹூ ஹாவ் ரிட்டயர்ட்’ என்று தொடங்கியது. இவர்கள் ஒரு மாதத்துக்குள் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று முடிந்தது. தொழிலாளிகள், சொந்தக்காரர்கள், ரிட்டயர் ஆனவர்கள். மூன்றும் எனக்குத் தெரிந்த சொற்கள்தான். ரிட்டயர் ஆனது தொழிலாளிகளா, அவர்களுடைய சொந்தக்காரர்களா என்பதுதான் கேள்வி. தொழிலாளிகள் என்றால் எங்கள் வீட்டுக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்கு இன்னும் எட்டு வருஷ வேலை பாக்கி இருந்தது. சொந்தக்காரர்கள் என்றால், எங்கள் வீட்டில் ரிட்டயர் ஆகி உட்கார்ந்திருந்தது அத்தை ஒருத்திதான்.

‘ஹூ’வுக்குப் பக்கத்தில் இருந்தது தொழிலாளிகள். நான் அங்கே நிற்கவில்லை. டீச்சர் சொன்னபடி பின்னால் போனேன். ஒரு தடவை ஏமாந்தவள் மறுபடி ஏமாறவில்லை என்ற பெருமையோடு, ரிட்டயர் ஆன சொந்தக்காரர்கள் காலி செய்ய வேண்டும் என்று சத்தமாகச் சொன்னேன்.

 அம்மா எழுந்து சமையலறைக்குள் போனாள். அத்தை மடியில் கிடந்த கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். பிறகு அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

“தம்பி, ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கியா?”

அப்பா என் தலையில் கை வைத்தார்.

“புள்ள இங்கிலீஷ் படிக்கிறா, அக்கா. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

அப்பா என் படிப்பை அப்படிப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் காது வரை சூடேறியது.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. திங்கட்கிழமை அப்பா அந்த நோட்டீஸ் பலகைக்கு எதிரே நின்றுதான் ஆஜர் கொடுத்தார். ஆஜர் எழுதிய ஆபீஸ்காரர் தமிழ் பேசுகிறவர், அப்பாவோடு சின்ன வயதில் பந்து விளையாடியவர். சாயங்காலம் அப்பா வந்ததும் அத்தை அவர் முகத்தையே பார்த்தாள். அப்பா டீ குடித்தார். மழை வரும்போல இருக்கிறது என்றார்.

அன்று ஜெபம் முடிந்ததும் அத்தை பெட்டியைத் திறந்தாள். போடிக்குப் பக்கத்தில் மாமாவின் தம்பி வீடு இருக்கிறது, அங்கே வெயிலாவது அடிக்கும், முட்டு வலிக்கு நல்லது என்றாள். கல்யாணம் வரைக்குமாவது இருங்க மதினி என்றாள் அம்மா. ஒரு தடவைதான் சொன்னாள். செவ்வாய்க்கிழமை காலை அண்ணனே ஜீப்பில் பூப்பாறை வரை கொண்டுபோய் விட்டான். கம்பளியை எனக்கு வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து, லயத்தின் கடைசி வீட்டில் சாமான்களை வெளியே எடுத்து வைத்தார்கள். அந்த வீட்டுத் தாத்தா போன வருஷம் ரிட்டயர் ஆகி, மகன் வீட்டில் இருக்கிறேன் என்று மதுரைப் பக்கம் போய்விட்டவர். எஸ்டேட் வேலை இல்லாத மருமகனும் மகளும் அங்கேயே இருந்துகொண்டார்கள். நோட்டீஸ் தங்களுக்குத்தான் என்றாள் தாத்தாவின் மகளான அந்த அக்கா, பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே. ரிட்டயர் ஆனது தொழிலாளிகள். பக்கத்திலேயே நின்ற சொல்.

நான் அழுதுகொண்டே அப்பாவிடம் ஓடினேன். தப்பாக வாசித்துவிட்டேன், அத்தையைக் கூட்டி வாருங்கள் என்றேன். அப்பா திட்டவில்லை. அவர் முகத்தில் ஆச்சரியமும் இல்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து படி என்றார். என்மேல் கோபப்படக் கூடாது என்றுதான் அமைதியாக இருக்கிறார் என்று நினைத்தேன். இவ்வளவு நல்ல அப்பா யாருக்கும் கிடைக்க மாட்டார் என்றும் நினைத்தேன்.

கல்யாணத்துக்கு அத்தை வந்தாள். சர்ச்சில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடித்ததும், இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டும் என்று கிளம்பினாள். பஸ் ஏற்றிவிட நான் மட்டும் கூடப் போனேன். மெலிந்திருந்தாள். பஸ் ஸ்டாப்பில் வைத்து, ஒரு மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

“அத்தை, அன்னைக்கு நான் தப்பா வாசிச்சிட்டேன். நீங்க போயிருக்க வேண்டியதே இல்ல.”

அத்தை என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“இல்ல புள்ள. நீ சரியாத்தான் வாசிச்ச.”

பாவம், இங்கிலீஷ் தெரியாததால் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அதனால் தொழிலாளிகள் எது, சொந்தக்காரர்கள் எது, ‘ஹூ’ யாரைக் குறிக்கிறது என்று முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தேன். பஸ் வளைவு திரும்பி வந்து நிற்கும்வரை, என் கையை விடாமல், எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.