சண்டைக்கார அக்கா

நடைப்பொறியின் பொத்தானை அழுத்தும்போதே அக்கா வம்புக்கும் அடிபோட்டுவிடுவார். "கண்டக்டருங்க என்னைக்காவது என் ஸ்டாப்புல பஸ்ஸை நிறுத்தியிருக்கீங்களா?" பொறியின்மேல் நடப்பவர் என் அண்ணன், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாரா? "ஸ்டாப்பை விட்டுட்டு நடுரோட்டுல நின்னு கையைக் காட்டினா எந்த பஸ்ஸும்மா நிக்கும்?" அவர் பொரிந்து முடிப்பதற்குள் அவருடைய புஜத்தில் ரத்த அழுத்தமானியின் பட்டை ஏறியிருக்கும்.

மருத்துவமனையின் தரைத்தளத்தில், சலவை அறைக்கு அடுத்தது அக்காவின் பயிற்சிக்கூடம். இதயம் களைத்துப்போனவர்களை மெல்ல மெல்ல நடக்கப் பழக்குவது வேலை. வருகிறவர்கள் வைத்த பெயர்தான் சண்டைக்கார அக்கா. தச்சர் வந்தால் மூடாத கதவைப் பற்றி, ஆசிரியை வந்தால் வீட்டுப்பாடத்தைப் பற்றி, ஆளுக்கேற்ற சண்டையை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பார். வெளியே வந்தாலோ வாயில்லாப் பூச்சி. வரிசையில் யார் முந்தினாலும் வழிவிடுவார். "வீட்டுல நான் வாயே திறக்கிறதில்லைங்க. இங்க பேசத்தானே சம்பளம்" என்பார்.

அண்ணனுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது என்று கேள்விப்பட்டதும் விமானம் ஏறி வந்தவன் நான். தெரிந்த இரண்டு மொழிகளிலும் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைத்திருந்தேன். இதய நோயாளியிடம் ஒருவர் மல்லுக்கு நிற்பதைப் பார்த்ததும் எனக்கே படபடத்தது. அக்காவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். சிரிக்காமல் சொன்னார்.

"நடந்தா கால் சதை ரத்தம் கேட்டுக் கூப்பாடு போடும். நல்ல இதயம்னா கூடுதலா இறைச்சுக் குடுக்கும், அழுத்தமும் ஏறும். இவங்களுக்கு இதயத்தால முடியாது. அதனால உடம்பு ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிச்சு அழுத்தத்தைத் தாங்கும். அதுவும் பத்தலைன்னா பொசுக்குன்னு இறங்கிடும். கழுத்துல இதைக் கவனிக்க ஒரு காவக்காரன் இருக்கான், இவங்களுக்கு அவனும் தூங்கி வழியுறவன். பட்டை காத்தடிச்சு அளக்க நேரமாகும். வாய் முந்திச் சொல்லிடும். எதிர்த்துப் பேசுற வரைக்கும் பயமில்லை."

அண்ணன் வீடு மூன்றாவது மாடி. மின்தூக்கி கிடையாது. நோய் வந்ததிலிருந்து தங்கை வீட்டு முன்னறையில் கட்டில்; மாடியில் அண்ணி தனியே. பொறியைச் சரிவாக உயர்த்தி, அந்த ஏற்றத்தில் நடந்து காட்டினால்தான் வீட்டுக்கு அனுப்புவேன் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

போன மாதம் ஒரு காலையில், "உங்களைவிட இந்தக் காலத்து கண்டக்டருங்க எவ்வளவோ மேல்" என்று சீண்டினார் அக்கா. அண்ணன் தலையசைத்தார். "நீ சொல்றது சரிதாம்மா."

அண்ணனுக்கு ஒருவழியாகப் பக்குவம் வந்துவிட்டதென்று நான் மகிழ்ந்துபோனேன். அக்காவின் கையோ அதற்குள் பொத்தானுக்குப் போயிருந்தது. சட்டென்று நிறுத்தவில்லை, நிறுத்தினால் ரத்தம் காலிலேயே தங்கி ஆள் சாய்ந்துவிடுவார். தோளோடு தோள் கொடுத்துக்கொண்டு, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்தார். நடக்க நடக்க ஏறியிருக்க வேண்டிய அழுத்தம் இறங்கியிருந்தது. மருத்துவர் ஓடிவந்து பார்த்து, மாத்திரைகளை மாற்றினார்.

"கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சுடா" என்று பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டார் அண்ணன். "சொன்னா மாடியேற விடமாட்டாங்களேன்னு அடக்கிக்கிட்டேன்."

நான் ஊர் திரும்பும் நாள் நெருங்கிவிட்டது. நேற்று அக்காவுக்கு நன்றி சொல்ல ஒரு நல்ல வாக்கியத்தை மனசுக்குள் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். அதை நுழைக்கச் சண்டையில் இடைவெளி கிடைக்கவில்லை.

"மூணாவது மாடியாமே. இந்த வயசுல அங்க என்ன வேலை, பட்டம் விடப்போறீங்களா?"

"ஏம்மா, ஓடுற பஸ்ஸுல கம்பியைப் பிடிக்காம காலமெல்லாம் நின்னவன் நான். எங்கயும் போய்ச் சேராத உன் பஸ்ஸுல ஏறி, உன் பேச்சையும் கேட்டுக்கிட்டு நடக்கிறேன் பாரு, அதுக்கு உங்க ஆஸ்பத்திரிதான் எனக்குச் சம்பளம் தரணும்."

ஒரே மூச்சு. நடுவில் எங்கும் திணறல் இல்லை. அக்கா அழுத்தமானியை ஒருமுறை பார்த்தார். பிறகு, அண்ணனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, சுண்டு விரலால் ஒரு பொத்தானைத் தொட்டார். பொறியின் முன்பக்கம் மெல்ல மேலே எழும்பியது.